ஆறாவது விரலின் வரலாறு



உலகத்து மொழிகளிற் பெரும்பாலானவை பத்துப் பத்தாகவே எண்ணுகின்றன. இதற்குக் காரணம் எண்ணின் இயல்பன்று. நமது கைகளின் அமைப்பே. ஐவிரல் கொண்ட இரு கைகளை மடக்கியும் நீட்டியும் எண்ணக் கற்றவன் மனிதன். அதனாலேதான், ஒரு குழந்தை பிறந்தவுடன் மருத்துவிச்சியும் பெற்றவளும் முதலில் அதன் விரல்களை எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணிக்கை சரியாயிருப்பின் எவரும் ஒன்றும் பேசுவதில்லை. ஒரு விரல் கூடியோ குறைந்தோ, இரு விரல்கள் ஒட்டியோ இருப்பின், வீடு முழுவதும் பேசத் தொடங்கிவிடும். அப்பேச்சின் நடுவே "இஃது எதனால் வந்தது?" என்னும் வினா எழும். அவ்வினாவுக்கு விடை தெரியாதிருந்த காலமெல்லாம் மனிதர் விடைக்குப் பதிலாக ஒரு குற்றவாளியைத் தேடினர். அக்குற்றவாளி பெரும்பாலும் அக்குழந்தையைப் பெற்ற தாயாகவே இருந்தாள்.

அந்தப் பழி எவ்வாறு சிறிது சிறிதாக நீங்கியது என்பதையே இன்று எடுத்துக் கூற விரும்புகின்றேன். இஃது அரசர்களின் வரலாறு அன்று. ஒரு நகரத்து இரணவைத்தியர் குடும்பமும், ஒரு மாநிலத்துச் சாதாரணக் குடும்பமும், ஒரு மாவட்டத்துக் கமக்காரச் சமூகமும் தம் கைவிரல்களால் எழுதிய வரலாறு.

நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் உள்ளன. ஆறாவது விரல் அதிர்ஷ்டம் என்பது ஒன்று. கிரகண காலத்திலே கருவுற்றவள் வெளியே வந்தாலும், எதையேனும் வெட்டினாலும் நறுக்கினாலும், பிள்ளையின் உறுப்பிற் குறை உண்டாகும் என்பது மற்றொன்று. முதலாவது கேட்பதற்கு இனிது. இரண்டாவது ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் அவள் நெஞ்சைக் குத்திக்கொண்டிருக்க வல்லது. "அன்று நான் அரிவாளைத் தொட்டேனோ?" என்று தன்னையே கேட்டுக் கேட்டு உருகிய தாய்மார் எத்தனை பேர்!

இவ்விடயத்தில் ஐரோப்பா நம்மினும் மேம்பட்டிருந்தது என்று கருதுதல் வேண்டா. கருவுற்ற காலத்திலே தாய் எதைக் கண்டு அஞ்சினாளோ, எதன்மீது ஆசை கொண்டாளோ, அதன் சாயல் குழந்தையின் உடலிற் பதியும் என்று பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே கற்றறிந்த வைத்தியர்களும் தத்துவ ஞானிகளும் வாதித்தனர். நாட்டிற்கு நாடு கதை வேறுபட்டது; பழி சென்று சேர்ந்த இடம் வேறுபடவில்லை.

இந்நிலையில், யேர்மனியின் பெர்லின் நகரத்திலே, அரச விஞ்ஞானக் கழகத்தின் தலைவராய் வீற்றிருந்தவர் மோப்பெர்த்துயி என்னும் பிரெஞ்சு அறிஞர். 1736ஆம் ஆண்டில் வடதுருவத்தை அடுத்த இலாப்லாந்துக்குச் சென்று, பூமியின் வடிவத்தை அளந்து புகழ்பெற்றவர் இவர். பூமியை அளந்த அதே மனப்பான்மையோடு இவர் பெர்லினிலே ஒரு குடும்பத்தின் விரல்களை எண்ணத் தொடங்கினார். அந்நகரத்தில் யாக்கோபு ரூஹே என்னும் இரணவைத்தியர் ஒருவர் இருந்தார். அவருக்கு இரு கைகளிலும் இரு கால்களிலும் அவ்வாறு விரல்கள். அவருடைய தாய்க்கும் அவ்வாறே. அத்தாயின் தாய்க்கும் அவ்வாறே. ஆறுவிரற் பெண்மணியான அந்தத் தாய், ஐவிரல் கொண்ட கணவருக்குப் பெற்ற எட்டுப் பிள்ளைகளில் நால்வர் ஆறு விரல்களோடு பிறந்தனர். அந்நால்வரில் ஒருவரான யாக்கோபு, 1733ஆம் ஆண்டில் ஐவிரல் கொண்ட ஒரு பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த அறுவரில் இரு ஆண்மக்கள் மீண்டும் ஆறு விரல்களோடு தோன்றினர்.

இந்த விவரங்களை மோப்பெர்த்துயி 1752ஆம் ஆண்டில் வெளியிட்டார். நான்கு தலைமுறைகளை ஒரே பார்வையில் நோக்கிய அவர் இரண்டு முடிவுகளைக் கண்டார். ஒன்று, இத்தன்மை தாய்வழியாகவும் வருகின்றது, தந்தைவழியாகவும் வருகின்றது. பிள்ளையின் உருவம் முழுவதும் தாயின் கருமுட்டையினுள்ளோ தந்தையின் வித்தினுள்ளோ முன்னரே சிறிதாய் அடங்கிக் கிடக்கின்றது என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கொள்கை. அவ்வாறாயின், ஒரே குறி இரு பக்கத்திலுமிருந்து எவ்வாறு வரமுடியும்? ஆகவே பிள்ளையை ஆக்குவதில் இருவருக்கும் பங்குண்டு என்று அவர் துணிந்தார்.

மற்றது, இது தற்செயல் அன்று என்பது. இதனை அவர் ஒரு கணக்கினால் நிறுவினார். ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரத்திலே தேடியபோது ஆறுவிரலர் இருவரையே அவர் கண்டார். தம் கண்ணுக்குத் தப்பியவர் இன்னும் மூவர் இருக்கக்கூடும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டார். அப்படியானால் 20,000 பேருக்கு ஒருவர் ஆறுவிரலர். ஆறுவிரலர் ஒருவரின் பிள்ளையும் தற்செயலாகவே அவ்வாறு பிறப்பதற்கு 20,000இல் ஒரு வாய்ப்பே உண்டு. பேரனுக்கும் அவ்வாறே நிகழ்வதற்கு 40 கோடியில் ஒன்று. மூன்று தலைமுறை தொடர்வதற்கு எட்டு இலட்சம் கோடியில் ஒன்று. இத்துணை அரிய தற்செயலை நம்புவதைவிட, இஃது இரத்த உறவினால் வழிவழி வருவது என்று கொள்வதே அறிவுடைமை என்றார் அவர்.

நேயர்களே, இக்கணக்கின் சிறப்பு அதன் பெரிய எண்களில் இல்லை. அதிலே கிரகணத்துக்கு இடமில்லை. தாயின் பயத்துக்கும் ஆசைக்கும் இடமில்லை. மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே வகையான காட்சியைக் கண்டு ஒரே வகையாக அஞ்சினர் என்று எவரும் சொல்லத் துணியார் அன்றோ? ஒரு தாயைத் தனியே நிறுத்தி வினாவும்போது பழி எளிதாயிற்று. நான்கு தலைமுறையை வரிசையாய் நிறுத்தி எண்ணியபோது பழி சுமத்த எவரும் அகப்படவில்லை.

எனினும் அக்குறி எந்த விதியின்படி இறங்குகின்றது என்பதை மோப்பெர்த்துயி அறிந்திலர். அவ்விதியைக் கண்டவர், ஒஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த புரூண் நகரத்து மடாலயத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை வளர்த்த கிரெகர் மெண்டல் என்னும் துறவியார். அவர் கட்டுரை 1866ஆம் ஆண்டில் அச்சாயிற்று. 34 ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1900ஆம் ஆண்டிலே மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் விதியின் சாரம் இதுவே: ஒவ்வொரு தன்மைக்கும் உரிய பரம்பரையலகு ஓருயிரிடத்தே இரட்டையாக இருக்கின்றது. ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. அவ்வுயிர் தன் சந்ததிக்குக் கொடுக்கும்போது, இரண்டில் ஒன்றையே கொடுக்கின்றது.

பட்டாணிக்குப் பொருந்தும் விதி மனிதனுக்கும் பொருந்துமோ என்னும் ஐயத்துக்கு விடை தந்ததும் விரல்களே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் குறுகிய விரல்களோடு பிறந்து வந்தனர். நம் விரல் ஒவ்வொன்றிலும் எலும்புத் துண்டுகள் மூன்று உள்ளன. பெருவிரலில் மட்டுமே இரண்டு. அக்குடும்பத்திலே இக்குறியுடையோருக்கு எல்லா விரல்களும் பெருவிரல் போன்று இரண்டு துண்டுகளோடு அமைந்தன. உடலின் உயரமும் குறைந்திருந்தது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து மாணவரான வில்லியம் ஃபாரபீ என்பார் அவர்களுடைய ஐந்து தலைமுறையை ஆராய்ந்து, 1903ஆம் ஆண்டில் தம் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். 1905இல் அது நூலாக வெளிவந்தது. குறுவிரல் உடைய ஒருவருக்கும் இயல்பான விரலுடைய ஒருவருக்கும் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழச் சரிபாதியினர் குறுவிரலராயிருந்தனர். குறி இல்லாது பிறந்த பிள்ளைகளின் சந்ததியில் அக்குறி மீண்டும் தலைகாட்டவேயில்லை. மெண்டல் கூறிய ஆட்சியுள்ள தன்மை ஒன்று மனிதரிடத்தே இருப்பதை முதன்முதல் நிறுவிக் காட்டிய ஆய்வு இதுவேயாகும். ஆட்சியுள்ளது என்பதன் பொருள் யாதெனில், இரண்டு அலகுகளில் ஒன்று மாறியிருந்தாலே போதும், குறி வெளிப்பட்டுவிடும்; ஒளிந்திருக்க அதற்குத் தெரியாது.

இவ்விடத்தில், வரலாற்றின் கசப்பான ஓர் ஏட்டையும் புரட்டவேண்டியிருக்கின்றது. பரம்பரை விதி வெளிப்பட்டவுடன், அதனைக் கொண்டு மனிதரை வடிகட்டிவிடலாம் என்று கருதிய ஒரு கூட்டம் மேலைநாடுகளிலே செல்வாக்குப் பெற்றது. 1907ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், தகுதியற்றோர் எனத் தான் கருதியோரைப் பிள்ளைபெறாதவராக்கும் சட்டத்தை இயற்றியது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழியே சென்றன. அந்நூற்றாண்டிலே அந்நாட்டில் 60,000 பேருக்கு மேல் இச்சட்டங்களுக்கு இரையாயினர். 1933ஆம் ஆண்டிலே யேர்மனியின் நாசி அரசு இயற்றிய சட்டமோ, பரம்பரையாக வரும் கடுமையான உடற்குறையையும் தன் பட்டியலிலே பெயர் குறித்துச் சேர்த்திருந்தது. அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் பிள்ளைபெறும் ஆற்றலை இழந்தனர். ரூஹே குடும்பத்தின் விரல்களை மோப்பெர்த்துயி ஆராய்ந்து எழுதிய அதே பெர்லின் நகரமே இச்சட்டத்தின் பிறப்பிடமும் ஆயிற்று.

முன்னர்த் தாயைக் குற்றவாளியாக்கியது அறியாமை. இப்பொழுதோ குடும்பத்தையே குற்றவாளியாக்கியது அறிவு. வம்சாவளி மரம் ஒன்றுதான். அதனை அறிதற்காக வரைவதும் உண்டு, அழித்தற்காக வரைவதும் உண்டு. ஆதலால் எண்ணுபவன் யார், எதற்காக எண்ணுகின்றான், எண்ணப்படுவோர் அவனை நம்புகின்றனரா என்னும் வினாக்கள் விஞ்ஞானத்துக்குப் புறம்பானவை அல்ல.

இவ்வினாக்களுக்கு நல்ல விடையொன்றை அதே பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் மாவட்டத்திலே காண்கிறோம். அங்கே ஆமிஷ் என்னும் கிறித்தவ சமூகத்தார் வாழ்கின்றனர். பதினாறாம் நூற்றாண்டிலே சுவிற்சர்லாந்தில் எழுந்த சமய இயக்கமொன்றின் கிளையினர் இவர்கள். 1693ஆம் ஆண்டளவில் யாக்கோபு அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்தமையால் இப்பெயர் பெற்றனர். ஐரோப்பாவிலே துன்புறுத்தப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டிலே கடல் கடந்து பென்சில்வேனியாவை அடைந்தனர். இன்றும் குதிரை வண்டியிற் செல்கின்றனர். எளிய உடை உடுக்கின்றனர். தம்முள் ஒருவகை யேர்மன் மொழி பேசுகின்றனர். தம் சபைக்குள்ளேயே மணஞ் செய்துகொள்கின்றனர். லங்காஸ்டர் ஆமிஷ் மக்களின் மூதாதையராகக் கொள்ளத்தக்கோர் ஏறத்தாழ 200 பேரே. ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ், கிங், ஃபிஷர், பெய்லர் முதலிய சில குடும்பப் பெயர்களே ஊரெங்கும் திரும்பத் திரும்ப வழங்குவதனால், ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறியப் பட்டப்பெயர்கள் வேண்டியிருக்கின்றன. இதனை நம் நாட்டுக் கிராமத்தவர் எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர்.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, பால்டிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வைத்தியப் பேராசிரியர் விக்டர் மக்கியூசிக் என்பவர் இம்மக்களிடையே ஆய்வு செய்யத் தொடங்கினார். ஃபாரபீ ஆராய்ந்த குறுவிரற் குடும்பத்தை அறுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தேடிக் கண்டு, 1963ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதியவர்களில் இவரும் ஒருவர். ஆமிஷ் மக்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த டேவிட் குரூசன் என்னும் வைத்தியர், அவர்களிடையே குள்ள உருவினர் மிகுதியாயிருப்பதைக் குறிப்பிட்டிருந்தார். அக்குறிப்பே மக்கியூசிக்கை அங்கு ஈர்த்தது. குதிரை வண்டி செல்லும் வீதிகளிலே பண்ணை பண்ணையாகச் சென்று குடும்பங்களைப் பார்த்தபோது, குள்ளம் என்று ஒரே பெயரால் வழங்கியது உண்மையில் இரு வேறு நிலைகள் என்பதை அவர் கண்டார். ஒரு சாராருக்குக் கைவிரல்கள் ஐந்தே. ஆனால் தலைமயிர் மிக மெல்லியதாய் ஐதாயிருந்தது. இஃது அதுவரை வைத்திய நூல்களில் இடம்பெறாத புதிய நிலை. மற்றொரு சாராருக்கு இரு கைகளிலும் சுண்டுவிரலுக்கு அப்பால் ஆறாவது விரல் ஒன்று இருந்தது.

இரண்டாவது நிலைக்கு ஏற்கெனவே பெயருண்டு. எடின்பரோ நகரத்து எல்லிஸ், அம்ஸ்டர்டாம் நகரத்து வான் கிரெவெல்ட் என்னும் இரு குழந்தை வைத்தியர்கள் 1940ஆம் ஆண்டில் இதனை விவரித்தனர். மகாநாடு ஒன்றுக்குச் செல்லும் வழியிலே புகைவண்டியில் சந்தித்து உரையாடியபோது, தத்தம் நோயாளரிடத்தே ஒரே வகையான நிலை இருப்பதை அவர்கள் உணர்ந்தனர் என்று கூறுவர். இந்நிலையுடையோருக்கு முன்கையும் முழங்காலின் கீழ்ப்பகுதியும் குறுகியிருக்கும், நகங்கள் சிறுத்திருக்கும், சிலருக்குப் பிறக்கும்போதே பல் இருக்கும். ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு அல்லது அதனினும் மேற்பட்டோருக்கு இருதயத்திலே பிறவிக் குறை உண்டு. குழந்தைப் பருவத்திலே சிலர் இறந்துபோவதற்கு இதுவும், மார்புக்கூடு ஒடுங்கியிருத்தலுமே காரணம். அறிவிலோ குறை எதுவும் இல்லை. வளர்ந்தோர் தம் சமூகத்தில் மற்றவரைப் போலவே தொழில் செய்து வாழ்கின்றனர்.

ஆக, ரூஹே வைத்தியரின் ஆறாவது விரலுக்கும் லங்காஸ்டர்க் குழந்தையின் ஆறாவது விரலுக்கும் எண்ணிக்கை ஒன்றாயினும் பொருள் வேறு. முன்னையது தலைமுறைதோறும் முகங்காட்டியது. பின்னையதோ ஒளிந்து வருவது. இயல்பான விரலும் உயரமும் உடைய தாய்தந்தையருக்கு, முன்னறிவிப்பு எதுவுமின்றி இத்தகைய குழந்தை பிறக்கின்றது. பழி எழுவதற்கு மிக வாய்ப்பான இடம் இதுவே. "எங்கள் பக்கத்தில் எவருக்கும் இல்லை, உங்கள் பக்கத்தில்தான் இருக்கவேண்டும்" என்னும் பேச்சை எந்த நாட்டுச் சம்பந்திமாரும் அறிவர்.

இதற்கு விடை, ஆமிஷ் மக்கள் பேணிவைத்திருந்த வம்சாவளிகளிலே கிடைத்தது. தம் முன்னோர் யார், எவர் எவரை மணந்தார், எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்பவற்றை அவர்கள் குடும்ப ஏடுகளிலும் அச்சிட்ட நூல்களிலும் பதிந்து வைத்திருந்தனர். அவற்றைப் பயன்படுத்தி மக்கியூசிக்கும் அவர் துணைவரும் 1964ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். 30 குடும்பங்களிலே 52 பேரிடம் இந்நிலை காணப்பட்டது. அதுவரை உலகத்து வைத்திய ஏடுகள் அனைத்திலும் பதிவான தொகைக்கு இது கிட்டத்தட்டச் சமம். அக்குழந்தைகளின் பெற்றோர் அனைவரதும் வம்சாவளியைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றபோது, எல்லா வழிகளும் ஒரு வாயிலிலே சென்று சேர்ந்தன. 1744ஆம் ஆண்டில் அமெரிக்கக் கரையில் இறங்கிய சாமுவேல் கிங் என்பவரும் அவர் மனைவியாருமே அவ்வாயில்.

அத்தம்பதியரில் ஒருவரிடம் இரண்டு அலகுகளில் ஒன்று மாறியிருந்தது. மற்றது நலமாயிருந்தமையால் அவரிடம் குறி எதுவும் தோன்றவில்லை. மெண்டலின் மொழியிலே இது பின்னிடைவான தன்மை. இரண்டு அலகுகளும் மாறியிருந்தாலன்றி இது வெளிப்படாது. அந்த மாறிய அலகு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஓசையின்றி இறங்கிற்று. சில தலைமுறைகளின் பின்னர், அதனைச் சுமந்த ஓர் ஆணும் அதனைச் சுமந்த ஒரு பெண்ணும், இருவரும் அறியாமலே, மணந்தனர். அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இந்நிலையோடு பிறக்க உண்டு. நான்கில் இரண்டு வாய்ப்பு அலகை மறைவாய்ச் சுமக்க உண்டு. நான்கில் ஒரு வாய்ப்பு முற்றிலும் நீங்கியிருக்க உண்டு. லங்காஸ்டர் ஆமிஷ் மக்களிலே ஏறத்தாழ எட்டுப்பேரில் ஒருவர் இவ்வலகைச் சுமப்பவர் என மதிப்பிடப்பட்டது. பிற இடங்களில் ஏறத்தாழ 60,000 பிறப்புக்கு ஒன்றாகக் கருதப்படும் இந்நிலை, அங்கே 1,000 பிறப்புக்கு ஐந்து என்ற அளவிற் காணப்பட்டது.

இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. உடன்பிறந்தாரின் பிள்ளைகள் தம்முள் மணஞ் செய்வதை ஆமிஷ் சபை தடைசெய்திருக்கின்றது. எனவே நெருங்கிய உறவினரை மணந்தமையால் இது வந்தது என்று எவரையும் சுட்டமுடியாது. தொடக்கத்திலே வந்தவர் தொகை சிறிது. அச்சிறு தொகையினர் பெருகிச் சமூகமாயினர். ஆகவே தூரத்து உறவினர் என்று நினைப்போரும் பல வழிகளில் ஒரே மூதாதையரைச் சென்றடைகின்றனர். பெரிய குளத்திலே ஒரு துளி சாயம் விழுந்தால் எவருக்கும் தெரிவதில்லை. ஒரு செம்புத் தண்ணீரிலே விழுந்தால் நிறம் தெரிகின்றது. துளி ஒன்றுதான், வேறுபாடு பாத்திரத்தில் உள்ளது. சாமுவேல் கிங் தம்பதியர் செய்த பாவம் எதுவுமில்லை. ஒளிந்திருக்கும் இத்தகைய மாற்றங்கள் சில உங்களிடத்தும் என்னிடத்தும் உள்ளன. அவை இல்லாத மனிதர் இவ்வுலகில் இல்லை.

2000ஆம் ஆண்டிலே இவ்வலகின் இருப்பிடம் நான்காம் நிறமூர்த்தத்தில் துல்லியமாகக் கண்டறியப்பட்டது. மனிதனின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களால் ஆனது எனலாம். லங்காஸ்டர் ஆமிஷ் குடும்பங்களிலே மாறியிருந்தது அவற்றுள் ஓரெழுத்தே. கரு வளரும் முதல் இரண்டு மாதங்களுக்குள், துடுப்புப் போலத் தோன்றும் சிறு மொட்டிலிருந்து கை உருவாகி விரல்கள் பிரிகின்றன. அப்பொழுது கலத்துக்குக் கலம் செல்லும் இரசாயனச் செய்திகளே விரல் எத்தனை, எலும்பு எவ்வளவு நீளம் என்பவற்றை வழிநடத்துகின்றன. அச்செய்தியைப் பெற்றுக்கொள்வதற்கு உதவும் புரதம் ஒன்றை ஆக்கும் அலகே இங்கு மாறியிருக்கின்றது. அவ்வெழுத்து மாறியது இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னர். அங்ஙனமாயின், அண்மையிலே தோன்றிய கிரகணத்தின்மீதும், அன்று காய் நறுக்கிய தாயின்மீதும் என்ன குற்றம்?

விரற்குறை அனைத்தும் பரம்பரையால் வருவன என்று நான் கூறவில்லை. 1957ஆம் ஆண்டு முதல் 1961ஆம் ஆண்டு வரை தலிடோமைட் என்னும் மருந்து பல நாடுகளில் விற்கப்பட்டது. கருவுற்ற தாய்மார் அதனை உட்கொண்டமையால் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைகளோடு பிறந்தனர். அங்கும் குற்றம் மருந்தை நன்கு சோதியாமல் விற்றவர்களுடையது. நம்பி உட்கொண்ட தாயினுடையது அன்று.

லங்காஸ்டரின் கதை ஆய்வோடு முடிந்துவிடவில்லை. ஆய்வாளர் வந்து, எண்ணி, எழுதிச் சென்றபின் அம்மக்களுக்குக் கிடைத்த பயன் யாது என்னும் நியாயமான வினா எஞ்சியிருந்தது. 1989ஆம் ஆண்டிலே ஹோம்ஸ் மோர்ட்டன் என்னும் குழந்தை வைத்தியரும் அவர் மனைவியாரும், பரம்பரை நோயுள்ள ஆமிஷ், மெனோனைட் குழந்தைகளுக்காக அம்மாவட்டத்திலேயே ஒரு வைத்திய நிலையத்தைத் தொடங்கினர். அதன் மரக் கட்டடத்தை அச்சமூகத்தாரே தம் கைகளால் எழுப்பினர். அதன் செலவுக்கு ஆண்டுதோறும் தம் கைத்தொழிற் பொருள்களை ஏலத்தில் விற்றுப் பணம் திரட்டினர். அங்கு வரும் பிள்ளைகளை வடிகட்டப்பட வேண்டியவராக எவரும் எண்ணவில்லை. சிறப்புக் குழந்தைகள் என்பதே அந்நிலையத்தின் பெயரிலும் உள்ளது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் யேர்மனியிலே ஒரு பட்டியல் செய்ததையும், இங்கே ஒரு பட்டியல் செய்ததையும் ஒப்பிட்டு நோக்குங்கள். கணக்கு ஒன்றே, கணக்கின் பின்னால் நின்ற மனம் வேறு.

நமக்கு இதனால் ஆவதென்ன? நம்மிடையேயும் சிறு ஊர்கள் உண்டு. மச்சான் மச்சாள் முறையில் உறவுக்குள் மணஞ் செய்யும் வழக்கமும் பல இடங்களில் இருந்து வருகின்றது. அதனைப் பழிப்பதற்கு நான் வரவில்லை. பெற்றோரின் உறவு நெருங்க நெருங்க, ஒளிந்திருக்கும் ஒரே அலகு இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு மிகுகின்றது என்பதை மட்டும் அறிந்திருத்தல் நன்று. குடும்பத்திலே முன்னர் இத்தகைய குழந்தை பிறந்திருப்பின், அதனை மறைக்காமல் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். சம்பந்தம் பேசும் வேளையிலே மறைக்கப்படும் செய்தி, பின்னர் ஒரு குழந்தையின் தொட்டிலருகே கண்ணீராக வெளிப்படுகின்றது.

ஆறாவது விரலோடு பிறக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலார் வேறெவ்விதக் குறையும் இல்லாதவரே. எனினும் அவ்விரலை வீட்டிலே நூலாற் கட்டி அறுத்துவிட முயலாதீர்கள். குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, இருதயத்தையும் மார்பையும் எலும்பையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். விரலை அகற்றுவதா விடுவதா என்பதைப் பின்னர் வைத்தியரோடு ஆலோசித்து முடிவு செய்யலாம்.

பல ஆண்டுகள் பாடசாலையிற் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். விரலிற் குறையுள்ள பிள்ளை வகுப்பிலே கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளும். விடை தெரிந்தும் கை உயர்த்தாது. அப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டும் மாணவரைத் தண்டிப்பதோடு நின்றுவிடாதீர்கள். மெண்டலின் பட்டாணிச் செடியைக் கற்பிக்கும் நாளிலே, அப்பிள்ளையைச் சுட்டாமல், பெர்லின் நகரத்து ரூஹே வைத்தியரின் கதையைச் சொல்லுங்கள். ஆறு விரல்களோடு பிறந்து, நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்து வாழ்ந்த ஒருவர், அந்த விரல்களாலேயே உலகத்துக்கு ஒரு பெரிய உண்மையை உணர்த்தினார் என்பதை வகுப்பு முழுவதும் கேட்கட்டும். தன் தாயின்மீது சுமத்தப்பட்ட பழி பொய் என்பதை அப்பிள்ளையும் கேட்கட்டும்.